உட்கார்ந்து எடுத்த அளவு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி நலம் என்று வைத்துக்கொள். அங்கே நீயும் உன் அக்காவும் சுகம்தானே? இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். போனில் நான் முறைப்பாக ஆரம்பிப்பேன், நீ சிரிப்பாய், உன் சிரிப்பைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு சரி சரி என்றுவிடுவேன். அதனால்தான் மத்தியானமே வெல்டிங் பட்டறையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. அந்தப் பெரிய ஊரில் பஸ் டிரைவர்களுக்கு, சக்கர நாற்காலியில் வருகிறவர்களை எப்படி ஏற்றி இறக்குவது என்று வகுப்பு எடுப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். வாய்த்துடுக்கான டிரைவர் ஒருவரை உன் நாற்காலியிலேயே உட்காரவைத்து டிப்போவைச் சுற்றவிட்டாயாமே, படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அதுவரை நன்றாகத்தான் போனது. பிறகு, நம் ஊரிலிருந்து மாற்றலாகிப் போய் உன்னையும் அங்கே வரவழைத்த உன் இன்ஜினியர் கடிதத்துக்குள் வந்துவிட்டார். இன்ஜினியர் சொன்னார், இன்ஜினியர் பாராட்டினார், இன்னும் ஒரு வருடம் இருந்து வேலையை முடித்துக் கொடுக்கச் சொல்லி இன்ஜினியர் கேட்கிறார். கடைசியில் எனக்கென்று ஒரே ஒரு வரி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. என்னத்தைச் சொல்வது? எனக்கு வயிறு எரிகிறது. இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்ல முடியும்?

அவர் நல்ல மனிதர் என்று எனக்கும் தெரியும். வில்லங்கமே அதுதான். மோசமான ஆளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர் நம் நகராட்சிக்கு வருவதற்கு முன்னால் இந்த ஊரில் நம் இரண்டு பேரையும் தெரியாதவர்கள் உண்டா? கல்யாணமான நாளிலிருந்து தபால் நிலையப் படி, பேங்க் படி, ஆஸ்பத்திரிப் படி எல்லாவற்றிலும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறினவன் நான். நாம் வருவதைப் பார்த்தாலே வரிசை விலகி வழிவிடும். நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மெதுவா போங்க, விழுந்தா ரெண்டு பேருக்கும்தான் அடி" என்பாய். எனக்கு அதில் ஒரு பெருமை. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அவர்தான் நகராட்சிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார். நீயும் சட்டென்று, "மூட்டை மாதிரி இருக்கும் சார்" என்றாய். அன்று வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். தலைவலி என்று நினைத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாய்.

அப்புறம், நாற்காலி ஏற அவர் நூலகத்தில் போடவைத்த சாய்தளத்துக்குக் கைப்பிடிக் கம்பி செய்தேனே, அந்தக் கூத்து. வெல்டு வைத்த இடமே தெரியாமல் தேய்த்து, நகை மாதிரி பளபளப்பாக்கி மாட்டினேன். நீ பக்கத்தில் வந்து கையை நீட்டினாய். கை தோளுக்கு மேலே போனது, பிடித்து இழுக்க வலுவில்லை. உன் இன்ஜினியர் குனிந்து பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார், "யார் கைக்கு அளவு எடுத்தீங்க?" நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். ஒரு கையால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மறு கையால் பிடித்துக்கொள்ள எனக்கு எது வாகோ, அந்த உயரத்தில் செய்துவைத்திருந்தேன். நீ சிரித்தாய், அவரும் சிரித்தார். அங்கே வேறு யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அறுத்தெடுத்துத் திரும்பவும் செய்தேன். அது அருமையாக இருக்கிறது என்றாய். ஆனால் அந்த அளவு அவர் கொடுத்ததல்லவா?

சரி, ஊர்ச் செய்திக்கு வருகிறேன். பேங்கில் ஒரு கவுண்டரை உட்கார்ந்தபடி பேசும் உயரத்துக்கு இறக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சைகையில் பேசத் தெரிந்த நர்ஸ் ஒருத்தியைப் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுத் தையல்கார அம்மாவுக்குக் காது கேட்காது இல்லையா, இந்தத் தடவை மகளைக் கூட்டிக்கொள்ளாமல் தானே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். மகள் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாங்க மாமா" என்றாள். உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். அவளும் நானும் இப்போது ஒரே கட்சி.

ரேடியோ ரிப்பேர்க்காரர் பட்டறைக்கு வந்திருந்தார். கண் தெரியாத மனிதருக்கு இப்போது கால் தரையில் நிற்பதில்லை, யார் துணையும் இல்லாமல் பஸ்ஸில் ஊரைச் சுற்றுகிறார். "ஒம் பொண்டாட்டி ஊர்ல இல்லேன்னு யாருய்யா சொன்னது? தினமும் காலையில என்கூடத்தானே வர்றாங்க" என்று என்னைச் சீண்டினார். நீ போவதற்கு முன்னால் பஸ் நிறுத்தங்களின் பெயரையெல்லாம் பேசிப் பதிவு செய்து கொடுத்தாயே, அதை எல்லா பஸ்ஸிலும் போட்டுவிட்டார்கள். அவர் போனதும் நானும் ஒரு பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உன் குரல், கவனமாக இறங்குங்கள் என்று. வீட்டில் என்னை அதட்டுகிற அதே குரல், ஊருக்கெல்லாம் இவ்வளவு கனிவாக வருகிறது. கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பவும் அதே பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர், "அண்ணே, எங்கதான் இறங்கணும்?" என்று கேட்டுவிட்டார். என் பெண்டாட்டி குரலைக் கேட்க நான் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது, பார்த்துக்கொள்.

இனி நம் வீட்டு விஷயம். ஊரில் எல்லா வாசலிலும் சாய்தளம் வந்த பிறகும் நம் வாசலில் படிதான் இருந்தது. நீ கேட்கும்போதெல்லாம், "அதான் நான் இருக்கேனே" என்பேன். இன்ஜினியர் ஆள் அனுப்பிப் போட்டுத் தருகிறேன் என்றபோது முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்றேன். நீ அந்த ஊருக்குக் கிளம்பிய அன்றும் நான்தான் உன்னைத் தூக்கிப் படியிறக்கினேன். அன்று நீ என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. கைகளை மடியில் கோத்து வைத்திருந்தாய்.

போன வாரம் படியை இடித்துவிட்டேன். கொத்தனார், "அம்மா வர்றாங்களா?" என்றார். "வந்தா வரட்டும், நீ இடி" என்றேன். சாய்தளம் போட்டாகிவிட்டது. கம்பிக்கு மட்டும் யாரிடமும் அளவு கேட்கவில்லை. பரண்மேல் கிடந்த உன் பழைய நாற்காலியை இறக்கித் துடைத்து, அதில் நானே உட்கார்ந்து அளவு எடுத்தேன். எடுத்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை, வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு போனேன். முகம் பார்க்கிற கண்ணாடியில் என் நெற்றிகூடத் தெரியவில்லை. உப்பு டப்பா எட்டவில்லை. ஜன்னல் கொக்கி எட்டவில்லை. எல்லாம் நான் மாட்டியவை. இத்தனை வருடம் இந்த வீட்டில் எப்படியம்மா குடித்தனம் நடத்தினாய்? இப்போது எல்லாவற்றையும் இறக்கி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இருந்துவிட்டு வா. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் மனதோடுதான் எழுதுகிறேன். இன்ஜினியருக்கு என் வணக்கத்தைச் சொல். ரொம்பச் சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. போகிற இடமெல்லாம் உன் சக்கரத்தில் ஒரு கல்லும் தட்டாமல் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. திரும்பி வருகிற அன்று உன்னைக் கூப்பிட நான் பஸ் நிலையத்துக்கு வரமாட்டேன். வாசலிலும் நிற்கமாட்டேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேதான் உட்கார்ந்திருப்பேன். தூக்குவதற்கு ஆள் வேண்டாம் என்று ஆன பிறகும், நான் வேண்டும் என்று நீயாக உள்ளே வருவதை ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்