ஞாயிற்றுக்கிழமை கறக்காத மாடு

ஜனவரி 12

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் சண்டை வருகிறது, மூன்றாவது நிமிஷத்தில் இங்கே சிக்னல் போய்விடுகிறது. பாதியில் நின்ற சண்டையோடு எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அதனால்தான் காகிதம்.

நிலத்துக்கு வேலி முடிந்துவிட்டது. கிணற்றடியில் போட்ட தீவனப்புல் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. கொட்டகைக்குத் தகரமும் போட்டாயிற்று. கொட்டகை என்று ஒன்று இருந்தால் உள்ளே ஏதாவது நிற்க வேண்டாமா? ஒரு கறவை மாடு வாங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டுக்குப் போக மீதிப் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றலாம்.

மாவு மில்காரர் ஒரு மாட்டைக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாக ஆள் உயரம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டராம். மடியைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது, நடக்கவே சிரமப்படுகிறது. ஆனால் நான் முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். எழுத்தில் தப்பு என்றால் கண் தானாகப் போய் நிற்கும். மாட்டில் தப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டிலேயே மாட்டு டாக்டர் இருக்கும்போது ஊராரைக் கேட்பானேன்? எழுது.

போன ஞாயிறு அங்கே வர முடியவில்லை. தகரம் போடுகிறவர் அன்றுதான் கிடைத்தார். கோபமா?

அன்புடன்,
உன் பிழைதிருத்தி


ஜனவரி 17

அன்புள்ள விவசாயிக்கு,

கோபமில்லை. இரண்டு பேருக்குச் சமைத்ததை நான் ஒருத்தியே இரண்டு நாள் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

மாட்டு விஷயத்துக்கு வருகிறேன். "மடியைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். விற்கிறவனுக்கு வேண்டியதும் அதுதான். வாங்குகிறவர் வருகிறார் என்றால் முதல் நாள் கறக்காமல் விட்டுவிடுவார்கள். எந்த மாட்டுக்கும் மடி வீங்கத்தான் செய்யும். சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலை கறக்கிற நேரத்துக்குப் போய் நில்லுங்கள். மறுநாளும் போங்கள். நாலு காம்பையும் நீங்களே உங்கள் கையால் பீச்சிப் பாருங்கள். முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்த்தால் திரி திரியாக வருகிறதா, தெரிந்துவிடும். வந்தால் மடிநோய். அதை விட்டுவிட்டு அடுத்த மாட்டைப் பாருங்கள்.

கன்று எங்கே என்று கேளுங்கள். எப்போதாவது மாதம் முடியாமல் கன்று வீசியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆண்களிடம் கேட்டால் மாடு கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக ஒரு பதில் வரும். வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தேதியே ஞாபகம் இருக்கும். எந்த மாடாக இருந்தாலும் ரத்தம் சோதிக்காமல் கயிற்றைப் பிடிக்காதீர்கள். அங்கே இருக்கிற கால்நடை உதவியாளரை எடுக்கச் சொல்லி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக் காலை பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தால் எனக்கு வந்துவிடும்.

இன்னொன்று. கறவை மாட்டுக்குக் காலை, மாலை என்று இரண்டு வேளை உண்டு. அதற்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம். போன தடவையே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் மனைவி


ஜனவரி 29

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தில் பிழை இரண்டே இரண்டு. எவை என்று சொல்ல மாட்டேன்.

நீ சொன்னபடி விடிவதற்குள் மாவு மில்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நுரையை விழுங்கிவிட்டார். "என்ன சார், ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார். "சும்மா நடந்து வந்தேங்க, அப்படியே ஒரு கறவை பாத்துட்டுப் போலாமேன்னு" என்றேன். அன்று மடி சாதாரண மடியாகத்தான் இருந்தது. காலையில் மூன்றரை லிட்டர். மாலையில் சாமி கண்ணைத் திறந்தாலும் மூன்றுக்கு மேல் வராது. பன்னிரண்டு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

நல்ல வேளை, வேறொரு மாடு கிடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் செங்கல் சூளைக்காரரின் சிவப்பு மாடு. பத்து லிட்டர். இதில் ஏமாற்று இல்லை, இரண்டு மாதமாக நானே அந்த வீட்டில்தான் பால் வாங்குகிறேன். தினமும் காலையில் கறந்த சூட்டோடு அங்கேயே ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வருவேன். நீ சொன்னபடி அவர் மருமகளிடம் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐந்து மாதம். "போன ஈத்துக்கு முந்தின ஈத்துல ஏழாம் மாசமே கன்னு விழுந்துடுச்சுங்க. இந்த ஈத்துல நல்லாத்தான் போட்டுச்சு, கன்னுதான் நாலு நாள்ல போயிடுச்சு" என்றாள். பாவம். மாட்டின் கண்ணைப் பார்த்தால் நீயும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாய். ரத்தம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சம்பிரதாயத்துக்குத்தான்.

பஸ் நிறுத்தத்துத் தையல்காரரும் ஒரு மாடு விற்கிறார். குட்டை மாடு, ஒரு கொம்பு கோணல், கன்றோடு இருக்கிறது, ஐந்து லிட்டர்தான். அதை வைத்துக்கொண்டு சேகரிப்பு நிலையத்துக்கு என்ன கொண்டுபோவது?

இந்த ஞாயிறும் வர முடியுமா தெரியவில்லை. கடப்பாரை பிடித்துப் பிடித்து இடுப்பும் மூட்டும் விட்டுப்போகின்றன. பத்து நாளாகச் சாயங்காலமானால் உடம்பு கதகதவென்றிருக்கிறது. விடியும்போது பனியன் பிழிகிற மாதிரி வியர்வை. ஐம்பத்தேழு வயதில் குழி வெட்டினால் இப்படித்தான் போலிருக்கிறது.

உன்,
பிழைதிருத்தி


பிப்ரவரி 3

உங்களுக்கு,

ஆறு தடவை போன் அடித்துவிட்டேன். மணி போகவில்லை. இதைப் பஸ் ஓட்டுநர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், அவர் உங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்துக் கொடுப்பார்.

அந்தச் சிவப்பு மாட்டுக்குக் கன்று வீச்சு நோய் இருக்கிறது. இரண்டு முறை சோதித்துவிட்டேன், சந்தேகமே இல்லை. மாடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பாலும் கொடுக்கும். காய்ச்சாத பாலில் அது மனிதருக்கு வரும். சாயங்காலக் காய்ச்சல், மூட்டு வலி, விடியற்கால வியர்வை. நீங்கள் கடப்பாரைமேல் பழி போட்டிருக்கிறீர்கள். அது கடப்பாரை இல்லை.

இதைப் படித்ததும் வேறு எதையும் செய்ய வேண்டாம். அதே பஸ் திரும்பும்போது ஏறி அரசு மருத்துவமனைக்குப் போய், நான் பின்பக்கம் எழுதியிருக்கிற சோதனையைக் கேளுங்கள். "மாட்டு டாக்டர் சொன்னாங்க" என்றால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மாத்திரையில் குணமாகிற வியாதிதான், ஆனால் விட்டால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

போவதற்கு முன் ஒரே ஒரு வேலை, சூளைக்காரர் வீட்டில் சொல்லிவிடுங்கள். பொங்கக் காய்ச்சிய பாலில் பயமில்லை. பச்சைப் பாலை யாரும் தொட வேண்டாம். அந்த மருமகள் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது, அவளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். மாட்டை வேறு யார் தலையிலும் கட்டிவிட அவர்களை விடாதீர்கள்.

லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை வருகிறேன்.

நான்


பிப்ரவரி 24

அன்புள்ள உனக்கு,

நீ போய் மூன்று நாளாகிறது. காய்ச்சல் வரவில்லை. மாத்திரையை எண்ணி விழுங்குகிறேன். வியர்வையும் நின்றுவிட்டது. சாப்பாட்டுக்கு ருசி வந்துவிட்டது, அதனால் என் சமையலின் லட்சணம் இப்போதுதான் தெரிகிறது.

நீ இங்கே இருந்த இரண்டு வாரமும் நான் உன்னிடம் முழுசாகச் சொல்லாதது ஒன்று உண்டு. அன்றைக்குச் சூளைக்காரர் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே போனேன். அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. "மாடு பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லிட்டுப் போங்க சார். எதுக்கு என் மாட்டுக்கு வியாதிப் பட்டம் கட்டுறீங்க? நாளைக்கு வேற ஆள் வர்றார், அவர்கிட்ட வந்து வாயைத் திறந்துறாதீங்க" என்றார்.

"எனக்கும் அதே வியாதிதாங்க. உங்க வீட்டு டம்ளர்லதான் குடிச்சேன்" என்றேன்.

அப்போதும் அவர் அசையவில்லை. எனக்குக் காய்ச்சல் பாதி, பயம் பாதி. பக்கத்து வீடு, நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும். பேசாமல் திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்போது அந்த மருமகள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் பால் சொம்பு. அதை முற்றத்தில் சாய்த்து ஊற்றினாள். "மாமா, நான் இந்த பஸ்லயே ரத்தம் குடுக்கப் போறேன். நீங்க கூட வர்றீங்களா, இல்ல சாரோட போகட்டுமா?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம்.

நேற்றுதான் முடிவு வந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. சூளைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒண்ணுமில்லையாம் சார்" என்றார். பிறகு, "மாட்டைத் தனியாக் கட்டிட்டேன், யாருக்கும் குடுக்கல" என்றார். அந்த மனிதருக்கு அதற்கு மேல் வராது. எனக்கு அதுவே போதும்.

இனி மாடு வேண்டுமா என்றே தெரியவில்லை. கொட்டகையை விறகு வைக்க வைத்துக்கொள்ளலாம். நீ என்ன நினைக்கிறாய்?

உன்,
பிழைதிருத்தி


மார்ச் 1

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு வாரமும் நீங்கள் தூங்குகிற பகல் வேளைகளில் நான் தையல்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரவிக்கை தைக்க என்றுதானே நினைத்தீர்கள்?

அந்தக் குட்டை மாட்டை நாலு தடவை கறந்து பார்த்தேன். காம்பு நாலும் ஒரே அளவு, கை வைத்ததும் சுரப்பு விடுகிறது. குளம்பு நன்றாக இருக்கிறது. மூன்றாம் ஈத்து. பக்கத்திலேயே தையல் மிஷின் தடதடவென்று ஓடுகிறது, அது பாட்டுக்கு அசை போடுகிறது. "எதுக்கு விக்கிறீங்க?" என்று கேட்டேன். "புல்லுக்கு இடமில்லம்மா, வீட்டைச் சுத்தி ரோடு வந்துருச்சு" என்றார். உண்மைதான். ரத்தமும் சோதித்துவிட்டேன், சுத்தம். கொம்பு கோணல், ஆனால் கொம்பிலா பால் வருகிறது?

ஐந்து லிட்டர்தானே என்பீர்கள். அதற்காகத்தான் சொல்கிறேன். பத்து லிட்டர் மாட்டை ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், ஒரு கன்றால் குடித்து முடியாது. இந்த மாட்டுக்குக் கூடவே கிடாரிக் கன்று இருக்கிறது, வயது ஒன்றரை மாதம். இன்னும் இரண்டு வாரம் போனால் அம்மாவின் பாலை அது ஒன்றே குடித்துவிடும். மற்ற நாளில் இரவு கன்றைப் பிரித்துக் கட்டுங்கள், காலையில் நீங்கள் கறக்கலாம். சனிக்கிழமை மாலை பிரிக்காமல் தாயோடு விட்டுவிடுங்கள். ஞாயிறு முழுக்க உங்கள் வேலையைக் கன்று பார்த்துக்கொள்ளும். தண்ணீர் காட்டவும் புல் போடவும் சூளைக்காரர் சம்மதித்துவிட்டார். நான்தான் கேட்டேன்.

நீங்கள் மாடு வாங்குகிறேன் என்று எழுதிய அன்று நான் படித்தது வேறு. இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகூட வர மாட்டேன் என்று எழுதியிருப்பதாகப் படித்தேன். நிலத்தை வாங்கினபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரம் பதிந்த பிறகு பலகாரப் பொட்டலத்தோடு வந்து சொன்னீர்கள். இரண்டு வருஷமாக அது எனக்குத் தொண்டையில் நிற்கிறது. மாட்டுக்கு மட்டும் என்னைக் கேட்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் தப்பான மாட்டை வாங்கிவிடப்போகிறாரே என்று பதில் எழுதினேன்.

எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அதுவரை அங்கே வந்து இருக்க மாட்டேன். அதன் பிறகு வருவேன் என்றும் இப்போது சொல்ல மாட்டேன். எனக்கு இந்த ஆஸ்பத்திரி பிடித்திருக்கிறது, என் மேசை பிடித்திருக்கிறது. உங்களுக்கு அந்த மண் பிடித்திருக்கிறது, அதையும் கண்ணால் பார்த்துவிட்டேன். காய்ச்சலில் படுத்துக்கொண்டே புல்லுக்குத் தண்ணீர் விட்டாயா என்று கேட்கிற மனிதரை என்ன செய்வது?

சேகரிப்பு நிலையத்துக்குப் பால் ஊற்ற வேண்டுமென்றால் பெரிய மாடாகவே பாருங்கள். தேடித் தருகிறேன், குறை வைக்க மாட்டேன். ஆனால் எது வேண்டும் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி


மார்ச் 21, ஞாயிறு காலை

என் அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே தையல்காரர் வீட்டுக்குப் போனேன். "அம்மா சொல்லிட்டுப் போனாங்க, வேற யாருக்கும் குடுக்கலீங்க" என்று கயிற்றை என் கையில் கொடுத்தார். நான் முன்னே நடக்க, மாடு பின்னே வர, கன்று எங்கள் இரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி ஓடி வந்தது. இரண்டு மைல் வருவதற்கு இரண்டு மணி நேரம். முதல் நாள் கறந்தது அரை லிட்டர், உதை இரண்டு. ஆடுகிற மாட்டை ஆடிக் கற என்பார்களே, நான்தான் ஆடினேன், மாடு நின்று பார்த்தது. இப்போது இரண்டு லிட்டர் வரை தருகிறது. பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கிறேன்.

நேற்று மாலை முதல் தடவையாகக் கன்றைக் கட்டவில்லை. காலையில் போய்ப் பார்த்தேன். மடி தளர்ந்து கிடக்கிறது. கன்று வாயெல்லாம் நுரையோடு காலை நீட்டிப் படுத்திருக்கிறது. எனக்கு ஒரு வேலையும் இல்லை. குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கிறது.

உன்னைக் கேட்காமல் நிலம் வாங்கியது தப்பு. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்தேதான் கேட்கவில்லை. அது மறதி இல்லை, கோழைத்தனம். ஊர் எழுத்தையெல்லாம் திருத்தினவனுக்கு இந்த ஒரு வரியை எழுத இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. நீ அங்கேயே இரு. உன் மேசையை விட்டு வரவே வேண்டாம். ஞாயிறுதோறும் நான் வருகிறேன்.

இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. வந்து உட்கார்ந்து மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். அதனால் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறப்போகிறேன். உன் கைக்குச் செவ்வாய்க்கிழமை வரும். இன்றைக்கு நான் உளறப்போவதையெல்லாம் பொறுத்துக்கொள். செவ்வாய்க்கிழமை வந்து நான் பேசுவதாக நினைத்து இதைப் படி.

உன்,
கணவன்