முறிகண்டித் தேங்காய்

ஞாயிறு, இரவு

இவருடைய ஆண்டுத்திவசம் முடிந்தபிறகு இன்றுதான் ஊர்ச்சனத்தோடு பஸ்ஸில் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய்வந்தேன். அதே பாட்டு, அதே இடியப்பப் பார்சல். எந்த வளைவில் யார் யன்னலால் தலையை நீட்டிச் சத்தி எடுப்பார் என்பதுகூட எனக்குத் தெரியும். அந்தச் சந்தோசம் வேறு எதிலும் இல்லை.

போகும்போது, வழியில் எல்லா வாகனமும் நின்று தேங்காய் உடைக்கிற முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றோம். எல்லாப் பயணத்திலும் முதல் தேங்காயை நான் எடுத்துக்கொடுக்க இவர்தான் பிள்ளையாருக்கு உடைப்பார். இன்று நான் எழும்ப, பயணம் ஒழுங்குசெய்யும் மலர் தோளைப் பிடித்தாள்.

"நீங்கள் இருங்கோ அக்கா, கால் நோகும். நான் கச்சான் வாங்கியாறன்."

எனக்குக் காலில் ஒரு நோவும் இல்லை. கோணேசர் மலையில் ஏறும்போது ஒருத்தரும் என் காலைப்பற்றிக் கேட்கவில்லை.

யன்னலால் பார்த்தேன். மலர் தேங்காயை எடுத்துக்கொடுக்க அவளுடைய புருசன் உடைத்தான். பிறகு சுடச்சுடக் கச்சான் கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பாசமா, தாலி அறுத்தவள் கை பட்டால் பயணம் சரிவராது என்ற பயமா?

திரும்பிவந்து ஊரில் இறங்கும்போது மலர் கேட்டாள். "அடுத்தமுறை கதிர்காமம். வருவீங்கள்தானே அக்கா?"

"ஓம், வாறன். முறிகண்டிக்குத் தேங்காய் நான் கொண்டுவாறன்."

"அது அங்கை வாங்கலாம்தானே," என்றாள்.

முற்றத்தில் விழுந்து கிடந்ததில் பெரிய தேங்காயாக ஒன்றை எடுத்துக் கதவடியில் வைத்துவிட்டேன். இனிப் படுக்கலாம்.