சுவரில் ஒட்டிய பக்கக் கணக்கு

அன்பு மகள் ரீக்காவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முழங்கால்தான் ஒத்துக்கொள்ள மறுக்கிறது. நீ சிங்கப்பூர் வெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நம்ம ஊர் கூஹ்மோவில் ஏரி உறைந்துவிட்டது. அம்மா போனபிறகு சனிக்கிழமை சவுனா நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டுவதை விட்டுவிட்டேன், ஒற்றை ஆளுக்கு அவ்வளவு விறகு எதற்கு. பேச ஆளில்லாமல் வீடு பிடுங்கித் தின்கிறது, அதனால் வியாழன்தோறும் பள்ளிக்கூடம் போகிறேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் தாத்தா வேலை. சம்பளம் கிடையாது, மதியம் பட்டாணி சூப் உண்டு.

அங்கே வில்யா என்று ஏழு வயதுப் பெண், இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். டீச்சர் ஓவுத்திக்கு அதில் கவலையே இல்லை, வரும்போது வரட்டும் என்பாள், மார்க்கும் இல்லை, ரேங்கும் இல்லை. எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. யார் எத்தனை பக்கம் என்று கட்டம் போட்டுப் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். வில்யா கடைசி, இரண்டு பக்கம். அடுத்த வியாழன் அவளைக் காணோம். தேடிப் போனால் நடையில் தொங்கும் பனிக்கோட்டுகளுக்குப் பின்னால் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறாள். வாம்மா என்று கூப்பிட்டதற்கு, "உங்ககிட்ட வாசிக்க மாட்டேன் தாத்தா. நீங்க கதையைக் கேக்கல, பக்கத்தைத்தான் எண்ணுறீங்க" என்றாள். அதைக் கேட்ட ஓவுத்தி ஒரு நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். நானே ஏறி அந்தக் கட்டத்தாளைக் கிழித்தெடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ரீக்கா. உன் மார்க் தாளை அங்கேதானே ஒட்டுவேன். பத்துக்கு ஒன்பது வாங்கி வந்தவளிடம் மீதி ஒன்று என்ன ஆச்சு என்று கேட்டவன் நான். நீயும் பழகிக்கொண்டாய். போன வருஷம் மூன்று தடவை போன் செய்தாய், மூன்றும் நல்ல சேதி, பதவி உயர்வு, புது வீடு, ஓட்டப் பந்தயம் ஓடி முடித்தது. நீயும் மாப்பிள்ளையும் பிரிந்ததை எட்டு மாதம் கழித்து உன் அத்தை சொல்லித்தான் கேட்டேன். அப்போது உன்மேல் கோபம் வந்தது. இப்போது என்மேல்தான்.

நேற்று வில்யா தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை, அவள் நாய்க்குப் பல்வலியாம், அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், ஆபீஸ் ஏசியில் மறக்காமல் போட்டுக்கொள். நீ மனநிறைவோடு நீடூழி வாழ வேண்டும் கண்ணு. சொல்ல ஒரு நல்ல சேதியும் இல்லாத நாளாகப் பார்த்துப் போன் செய். அழுதாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா,
தைஸ்தோ