மாலைக் காட்சிக்கு ஒரு டிக்கெட்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

இங்கே நலம். அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? போனில் தியேட்டர் பேச்சை எடுத்தாலே "சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

உள்ளே விற்பனைப் பத்திரம் இருக்கிறது. அப்பா நம் இருவர் பெயருக்கும் எழுதிவைத்த தியேட்டர், உன் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. வாங்குகிறவர்கள் அதை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களாம். படம் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "வண்டி விட இடமே இல்ல" என்றுதானே குறைப்பட்டார்கள். இனி இடம் மட்டும்தான் இருக்கும்.

உன் மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. மகளும் அவரோடு அந்த ஊரில்தான் படிக்கிறாள். நான் இங்கே டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் எல்லாம் "எப்ப வர்றே, எப்ப வர்றே" என்று தினமும் கேட்பார். இப்போது கேட்பதை விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தாமதிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் வாலு

•

பிப்ரவரி 19

அன்பு வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்திரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

கூட்டம் குறைந்தால் காரணம் என்னவென்று தேட வேண்டும், கட்டடத்தை இடிப்பார்களா? இருக்கைகளை மாற்று. ஏசியைக் கூட்டி வை. பாப்கார்ன் விலையைக் குறை. நல்ல படமாகப் பார்த்து எடு. பெரிய நடிகர் படம் என்றால் இன்றைக்கும் ஜனம் முண்டியடித்துக்கொண்டு வருகிறதே. கோடி கோடியாக வசூல் என்று செய்தியில் நானே பார்த்தேன்.

எனக்கு இந்த நாட்டில் ஜன்னல் இல்லாத கிடங்கில் வேலை. காலையில் உள்ளே போனால் வெளியே வெயிலா மழையா என்றுகூடத் தெரியாது. ஊரில் நம் திரையில் வெளிச்சம் இருக்கிறது என்ற நினைப்பில்தான் பெட்டிகளைத் தூக்குகிறேன். அதையும் பிடுங்கிவிடாதே.

"ஒருத்தர் டிக்கெட் வாங்கினாலும் படம் ஓடணும்" என்று அப்பா சொல்வாரே. நானும் ஒரு வாக்குத் தருகிறேன். மாலைக் காட்சிக்கு ஒரு டிக்கெட்கூட விற்காத நாள் வரட்டும், அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்

•

மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

நீ செய்தியில் பார்த்தது முதல் மூன்று நாள் வசூல். வெள்ளி, சனி, ஞாயிறு கால் வைக்க இடமிருக்காது. டிக்கெட் விலையை ஏற்றச் சொல்கிறார்கள், ஏற்றுகிறோம். பாதிக்கு மேல் படக்காரர்களுக்கே போய்விடும். திங்கட்கிழமை உட்கார்ந்து ஈ ஓட்டுகிறேன். பாப்கார்ன் விலையைக் குறைக்கச் சொல்கிறாயே, ஏசிக்குக் கரண்டு பில் கட்டுவதே அந்தப் பாப்கார்ன்தான்.

போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. அப்பாக்காரர் விலைப் பலகையைப் பார்த்தார், திரும்பித் தன் ஆட்களின் தலைகளை எண்ணினார். "நாலு வாரத்துல போன்லயே வந்துரும், வாங்க போலாம்" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார். சின்னவள் மட்டும் போஸ்டரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் கணக்கு சரிதானே?

உன் வாக்கை நம்பிக் காத்திருந்தேன். இப்போதைய நிலைமைக்கு அந்த நாள் அடுத்த வாரமே வந்துவிடும் என்று பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். ஆனால் உன் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து, வேறு யாருமே வாங்காத நாளிலும், மாலைக் காட்சிக்கு ஆன்லைனில் ஒரு டிக்கெட் விற்றுவிடுகிறது. ஒன்றே ஒன்று. ஆள் வருவதில்லை. வழியில் இருப்பாரோ என்னவோ என்று காலி ஹாலில் படத்தை ஓட்டுகிறோம். "ஏதோ பேய் டிக்கெட் எடுக்குதும்மா. அதுக்காச்சும் நம்ம தியேட்டர் பிடிச்சிருக்கே!" என்கிறார் ஆபரேட்டர். சிரித்துவிட்டேன். அப்புறம் கவுண்டர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மகள் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய மாலையும் நான் அந்த வராத ஆளுக்காக இங்கேதான் இருந்தேன்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். நீ கடைசியாக எப்போது தியேட்டருக்குப் போய்ப் படம் பார்த்தாய்?

உன் வாலு

•

ஏப்ரல் 6

அன்பு வாலுவுக்கு,

பரிசு வாங்கிய என் மருமகளுக்கு மாமாவின் முத்தங்கள். பேச்சில் உன்னை மாதிரி வந்திருக்கிறாள், மாப்பிள்ளை பாவம்.

தினமும் ஒருவர் டிக்கெட் வாங்குகிறார் என்றால் சந்தோஷப்படு, ஏன் அலுத்துக்கொள்கிறாய்? ஆள் வரவில்லை என்று எப்படி அவ்வளவு அடித்துச் சொல்கிறாய்? கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தால் இருட்டில் யார் கண்ணில் படும்? சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் அந்த மூலையில் ஒளிந்துகொண்டுதானே ஒரே டிக்கெட்டில் இரண்டு காட்சி பார்த்தோம். அப்பா டார்ச் அடித்துத் தேடியும் அகப்படவில்லையே.

தியேட்டருக்குப் போவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே குளிர் அதிகம்.

அன்புடன்,
அண்ணன்

•

ஏப்ரல் 24

அண்ணா,

ஆன்லைனில் டிக்கெட் விற்றால் வாங்கியவர் பெயர் எனக்குத் தெரியாது, இருக்கை எண் மட்டும்தான் வரும். அது எந்த வரிசை என்று நான் உனக்கு எழுதவே இல்லை. கடைசி வரிசை, சுவரோரம் என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

நான் எழுதாதது இன்னொன்றும் உண்டு. கூரை ஒழுகி, அந்த மூலையில் இருந்த இருக்கைகள் இற்றுப்போய்விட்டன. போன மழைக்காலத்திலேயே கழற்றிச் சைக்கிள் கொட்டகையில் போட்டுவிட்டோம். ஆன்லைன் வரைபடத்தில் மட்டும் அவை அப்படியே இருக்கின்றன, மாற்றச் சொல்லிக் கேட்டும் மாற்றவில்லை. நிஜமாகவே வருகிற ஆளாக இருந்தால் முதல் நாளே "என் சீட்டு எங்கம்மா?" என்று கவுண்டரில் சண்டைக்கு நின்றிருப்பார்.

காரணம் காரணமாக எழுதினாயே, உன்னை மாதிரித்தான் அண்ணா ஊர் முழுக்க. எல்லோருக்கும் தியேட்டர் இருக்க வேண்டும், யாராலும் வர முடியாது. மற்றவர்கள் வராமல் இருந்ததோடு விட்டார்கள். நீ வராமலே என்னைப் பூட்டி வைத்தாய். உன் கிடங்குக்கு ஜன்னல் இல்லை என்றாய். என் கவுண்டருக்கு இருக்கிறது, ஒரு கை நுழைகிற அளவுக்கு.

நேற்று படம் ஓடும்போது உள்ளே போய், உன் இருக்கை இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். திரை முழுதாகத் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. உன்னை நினைத்து அழுகை வந்தது, கோபமும் போகவில்லை.

இன்று உன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். வேறு யாரும் வாங்கவில்லை. ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தேன். நீ சொன்ன நாள் இதுதான்.

உன் தங்கை

•

மே 9

அன்பு வாலுவுக்கு,

கையெழுத்துப் போட்ட பத்திரம் உள்ளே இருக்கிறது. மாப்பிள்ளை மறுபடி கேட்கட்டும் என்று காத்திருக்காதே, நீயே போய் வாசலில் நில்.

உன் கேள்விக்குப் பதில்: உன் கல்யாணத்துக்கு வந்தபோது, நம் தியேட்டரில். இங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. நாலு பேர் போய் வந்தால் அரை வாரச் சம்பளம் போய்விடும். வீட்டில் நாலு பேரும் நாலு போனில் நாலு படம் பார்க்கிறோம். உன் அண்ணி சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிவதில்லை.

தினமும் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, போனில் அந்த மூலை இருக்கையைத் தொடுவேன். பச்சையாக மாறும். கொஞ்ச நேரம் நானும் அங்கே இருப்பது மாதிரி இருக்கும். நீ அதற்குள் மாட்டிக்கொண்டு தவிப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. அப்படியும் தொட்டேன்.

அன்றைக்குப் பணம் திரும்பி வந்தது, கூடவே ஒரு செய்தி. "உங்கள் டிக்கெட் ரத்து செய்யப்பட்டது. காரணம்: இருக்கை இல்லை." நான் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதினேன். உனக்கு இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது.

மணி அடித்துவிட்டார்கள். உள்ளே போகிறேன்.

அண்ணன்