அழைப்பு என்ற சொல்

அன்புள்ள தங்கைக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் நலம். எழுத வந்தவை:

1. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.
2. என் கோபம் ஆறவில்லை.
3. தவறு கல்லூரி அலுவலகத்துடையது.

மதிப்பெண் குறைந்ததால் மிச்சமிருந்த இடங்களுக்கு விண்ணப்பித்தோம். ‘தொலைபேசி அழைப்பின் பேரில் இடம் தரப்படும்’ என்று படிவத்தில் இருந்தது. அவர்கள் அழைப்பார்கள் என்று மூன்று நாள் காத்திருந்தோம். நேற்று அவளே பொறுக்காமல் கூப்பிட்டாள்.

“கடைசி இடம்மா! இத்தனை நாள் தூங்கினியா?” என்றார் எழுத்தர்.

என் மகளிடமா இந்தப் பேச்சு! போனைப் பிடுங்கி, பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் கத்தினேன்: “நீங்கதானே கூப்பிடணும்?”

“இடம் வேணும்னா நீங்கதான் ஐயா கூப்பிடணும்.”

திங்களன்று அவள் விடுதிக்குப் போகிறாள். ஒருவருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எழுது. வேலைக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாவதாக எழுதியது தவறு. மகள் அன்றே படிவத்தைச் சரியாகப் படித்தாள். ‘நாமாகக் கூப்பிட்டால் மரியாதையில்லை’ என்று நான்தான் தடுத்தேன்.