'திரும்பும் நாள்' என்கிற கட்டம்

நவ. 11, செவ்வாய்

காலையில் தூறல். வரிச்சிக்குடியிலிருந்து பட்டினச்சேரி வரை ஸ்கூட்டியில், ரெயின்கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. படகுச் சங்கத்தில் இன்றோடு வேலை முடிகிறது. எந்தப் படகு கடலில், எது கரையில் என்று கம்ப்யூட்டரில் பதிய ஒரு ஃபார்ம். அதை அவர்கள் வசதிக்கு மாற்றித் தருவது என் பொறுப்பு.

செயலாளருக்கு (இனி செ.) திருப்தியே வராது. "ஏம்மா, எல்லாம் ஒரே பக்கத்துல தெரியணும். மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டே இருந்தா யாரு பாக்குறது?" சரி என்று சுருக்கினேன். இன்று செய்தது:

– எழுத்தைப் பெரிதாக்கியாயிற்று. பதிவு போடுகிற மல்லிகாக்கா கண்ணாடியை எப்போதும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.
– கட்டங்கள் எல்லாம் ஒரே கோட்டில். மயிரிழை விலகினாலும் எனக்குத் தூக்கம் வராது.
– 'திரும்பும் நாள்' கட்டாயம். காலியாக விட்டால் சிவப்பு. சேமிக்க விடாது.
– அந்த நாள் தாண்டியதும் படகு தானாகவே 'கரையில்' என்று மாறிப் பச்சையாகும். இது என் சொந்த யோசனை. படகு வந்த பிறகு யாரும் வந்து சொல்வதில்லையாம்.

செ. பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை கணக்கா இருக்கும்மா" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. அம்மா சொன்ன சங்கரா மீன் வாங்க மறந்துபோச்சு.

நவ. 14, வெள்ளி

விடியலிலிருந்து மழை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். அப்பா வயலில் தண்ணீர் வடியவிடப் போய்விட்டார்.

மதியம் செ. போன். "கடல்ல ஒரு படகுகூட இல்லம்மா. எல்லாம் பச்சை. காலையிலயே மீன்துறை ஆபீசருங்களுக்கு லிஸ்ட் அனுப்பிட்டேன். உன் புண்ணியத்துல அஞ்சு நிமிஷ வேலை."

சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் ஒரு கணக்கு இடித்தது. தங்கு கடல் என்று கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிற விசைப்படகுகள் கரை திரும்ப நாலைந்து நாள் ஆகும். அதில் ஒன்றுகூடவா வெளியே இல்லை?

மழையிலேயே சங்கத்துக்கு ஓடினேன். ஃபார்மைத் திறந்து பார்த்தால், எல்லாப் படகுக்கும் போன நாளும் திரும்பும் நாளும் ஒரே தேதி.

"என்னக்கா இது? போன அன்னிக்கே திரும்புறதா போட்டிருக்கீங்க?"

மல்லிகாக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். "கடலுக்குப் போறவங்கள எப்ப வருவீங்கன்னு எப்புடி பாப்பா கேக்குறது? எங்க பக்கம் யாரும் கேக்க மாட்டோம், அபசகுனம். அது செவப்பா நின்னுக்கிட்டு விடவே மாட்டேங்குது. அன்னன்னிக்குத் தேதியப் போட்டேன். வழி விட்டுச்சு."

அவர் வீட்டுக்காரரும் விசைப்படகில் போகிறவர்.

"அவரு படகுக்கும் அப்படித்தான் போட்டீங்களா?"

"ஆமா."

"அவரு இப்ப எங்கக்கா?"

"கடல்லதான்" என்றார். சொல்லும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது.

செ.யிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். அதிகாரிகளுக்குப் போன், படகு உரிமையாளர்களுக்குப் போன். மூன்று படகுகள் வெளியே இருக்கின்றன. காலையிலேயே சரியான பட்டியல் போயிருந்தால் வயர்லெஸில் கூப்பிட்டுத் திருப்பியிருப்பார்கள். அரை நாள் போச்சு. நான் வைத்த பச்சையால் போச்சு.

நவ. 15, சனி

காற்று. கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு இன்வர்ட்டரில் போன் சார்ஜ்.

பயமாக இருக்கிறது. ஜன்னல் அடித்தால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிட. அம்மா: "ஏண்டி பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க?" ஜலதோஷம் என்றேன்.

மதியம்: ஒரு படகு நாகப்பட்டினத்தில் ஒதுங்கியது.
மாலை: இன்னொன்று கோடியக்கரைப் பக்கம். ஆட்கள் பத்திரம்.
மூன்றாவது மல்லிகாக்கா வீட்டுக்காரர் போன படகு. வயர்லெஸில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களாம், பதில் இல்லை.

அக்காவுக்குப் போன் போட எடுத்தேன். என்ன சொல்வது? வைத்துவிட்டேன். அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. பெயர் தெரியும், படகு எண் தெரியும். அந்த வரிசையின் நிறம் தெரியும்.

நவ. 16, ஞாயிறு

மழை விட்டு வெயில். வெயிலைப் பார்த்தால் கோபம் வருகிறது.

சங்கத்தில் கூட்டம். மூன்றாவது படகைத் தேடப் போகிறவர்கள் புதுப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். 'திரும்பும் நாள்' கட்டத்தையே தூக்கிவிட்டேன். தானாக மாறுவதையும் எடுத்தாயிற்று. இனி ஆள் பார்த்துக் கையால் தேர்ந்தெடுத்தால்தான் மாறும். தேர்ந்தெடுக்க இரண்டே சொற்கள்: கடலில், கரையில். கட்டங்கள் கோணலாக நிற்கின்றன. நிற்கட்டும்.

மல்லிகாக்கா வந்துவிட்டார், வீட்டில் இருக்க முடியவில்லை என்று. பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். டீ வந்தபோது, "ஆறிடப் போவுது, குடி பாப்பா" என்று என் பக்கம் தள்ளி வைத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது செ. உள்ளே வந்தார். அக்காவைப் பார்க்காமல் என்னிடம் குனிந்து சொன்னார்.

"ஏம்மா, அதுல இன்னொரு வார்த்தை சேக்கணுமாம். மேலேருந்து சொல்றாங்க."

"என்ன வார்த்தைங்க?"

"காணவில்லைன்னு."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அக்காவுக்குக் கேட்டுவிட்டது. மவுஸ் மேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேக்காத பாப்பா. கடல்லன்னே இருக்கட்டும்."

செ. வாசலில் நிற்கிறார். அக்கா கையை எடுக்கவில்லை. ஏதோ வேலை செய்வதுபோல் இடது கையால் இந்த நோட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன்.