ரவாங் மேட்டில் கொடுத்த சக்கரம்

மச்சானுக்கு,

பிரிக்ஃபீல்ட்ஸ் விருந்தில் மைக்கைப் பிடித்து, என்னைக் காட்டி, "நம்ம மச்சான் அந்த பிரெஞ்சு சைக்கிள்காரரு மாதிரி லா! மஞ்சள் சட்டை கெடைக்கல, ஆனா எல்லாருக்கும் செல்லம்!" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள்.

ஓய்வுபெற்ற அந்த வீரரைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவருக்குத் தரும் அந்த மஞ்சள் சட்டை கிடைக்காமலே அவர் தன்னைவிட வேகமானவர்களிடம் தோற்றார். நான் யாரிடம் தோற்றேன்?

நாம் ஒரே குழுவில் ஓட்டிய சைக்கிள் பந்தயத்தில், ரவாங் மேட்டில் உன் டயர் வெடித்தது. குழுத் தலைவன் நீ என்பதால் என் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். நீ கோப்பை வாங்கினாய். நான் வெடித்த உன் சக்கரத்தோடு லோரியில் வந்து சேர்ந்தேன். நாற்பது வருடமாக நீ அதை வாய் திறந்து சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் உனக்குப் பாராட்டு விழாவாம். நான் மாலை போட வேண்டுமாம். வருகிறேன். மாலையோடு அல்ல, வெடித்த உன் சக்கரத்தோடு. அது யாருடையது என்று கூட்டத்துக்கு நீயே சொல்.

இப்படிக்கு,
எவருக்கும் செல்லமாக இருக்க விரும்பாத உன் பழைய குழுக்காரன்